வத்சலா கொடுத்த வில்லுக்கத்தி

சண்டிலிப்பாயில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்படுமுன், தனுஷிகா கணவன் சயந்தனுக்குச் சீட்டு எழுதினாள்.

"இஞ்சேருங்கோ, புட்டு நீத்துப்பெட்டியிலை கிடக்கு. கத்தரிக்காய்க் கறியைச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ. பின்கதவுத் திறப்பு ஆணியிலை கொழுவியிருக்கு."

பேனை நின்றது. மேசையில் அந்த வில்லுக்கத்தி மடங்கிக் கிடந்தது. பழைய கத்திகள் சேர்க்கும் சயந்தனுக்கு, அதே கத்திப் பைத்தியம் பிடித்த வத்சலா கொடுத்தது. நேற்றுப் பின்னேரம் முழுவதும் அவன் அதன் பிடியைக் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தான்.

"அசல் எருமைக்கொம்பு. வத்சலாவுக்குத்தான் உதெல்லாம் விளங்கும்," என்றான்.

அந்த 'தான்' இரவெல்லாம் தனுஷிகாவைக் குத்தியது. காலையில் அவன் போனதும் ஊசியைப் பழுக்கக் காய்ச்சிப் பிடியின் அடியில் குத்தினாள். போலியென்றால் பிளாஸ்ரிக் நாறும், கொம்பென்றால் மயிர் கருகின மணம் வரும் என்று அவன்தான் ஒருநாள் சொல்லியிருந்தான். வந்தது மயிர் மணம்தான். அறை முழுக்க.

அவள் எழுதினாள்: "அவவின்ரை கத்தியை ஊசியாலை சோதிச்சனான். சுத்தப் பிளாஸ்ரிக்."

யன்னலைத் திறந்துவிட்டாள். மணம் போகவில்லை. சயந்தனின் மூக்கை ஏமாற்ற முடியாது. சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"மயிர் கருகின மணம் வந்தால் பயப்பிடாதேங்கோ. என்ரை பின்னல் அடுப்பிலை பட்டிட்டுது."

படலை வரை போனவள் திரும்பி வந்தாள். நெருப்புக்குச்சியைத் தட்டி, பின்னலின் நுனியில் பிடித்தாள். அதே மணம்தான். இனி அவன் இதையும் எடுத்து மணந்து பார்க்கட்டும்.