குளம் பச்சை கட்டியது

மார்ச் 4
அண்ணன் போன் செய்தான். மீன் குஞ்சு விட்ட குளம் "பச்சை கட்டிடுச்சுடா" என்று ஒரே குதூகலம். மீன் வளர்ப்பவர்களுக்குப் பச்சைத் தண்ணீர் என்றால் தீனி தயார். ஆனால் இவ்வளவு சீக்கிரமா? கேட்டேன். "கண்ணு போடாதடா" என்றான்.

மார்ச் 7
நேரில் போய்ப் பார்த்தேன். குஞ்சுகளுக்குத் தலை மட்டும்தான் இருக்கிறது, உடம்பு நூல். டம்ளரில் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன். போன மாதம் துள்ளிக்கொண்டிருந்த நீர்த்தெள்ளுப் பூச்சி ஒன்றுகூட இல்லை. பாசியைத் தெள்ளு தின்னும், தெள்ளைக் குஞ்சு தின்னும். நடுவில் இருந்தது செத்துவிட்டது. அதனால்தான் இந்தப் பச்சை. சொன்னேன்.
"லேப்ல பாட்டில் கழுவுறவன் எனக்கு மீன் வளக்கச் சொல்லித் தர்றியா?"
அடிச்சேற்றை அள்ளிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 12
லேப்பில் சோதித்தாயிற்று. தண்ணீரில் பெரிதாக ஒன்றுமில்லை. சேற்றில் ஒட்டிக்கிடக்கிறது, முட்டைக்கோசுக்கு அடிக்கிற பூச்சிமருந்து. குளத்துக்கு வரும் வாய்க்காலின் மேல்பக்கம் முட்டைக்கோஸ் போட்டிருப்பவர் ஒரே ஆள். அண்ணியின் அப்பா.

மார்ச் 14
அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே போட்டு உடைத்தேன். "மாமா, உங்க மருந்துதான்."
அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள்.
"நான் இலையிலதானே அடிச்சேன் தம்பி?"
"அடிச்ச டேங்க்க எங்க கழுவுனீங்க?"
"வாய்க்கால்லதான். மாட்டுத் தொட்டிப் பக்கம் கழுவக் கூடாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்கே…"
பாதியில் நிறுத்திவிட்டார். ஜாக்கிரதையாகத்தான் இருந்திருக்கிறார் மனுஷன். கை கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

மார்ச் 15
தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் எனக்கு?

மார்ச் 18
விடிகாலையில் குஞ்சுகள் வெள்ளையாக மிதந்தன. பட்டினி ஒரு பக்கம். இரவெல்லாம் அத்தனை பாசியும் தண்ணீரிலிருக்கும் மூச்சுக்காற்றை இழுத்துக்கொள்வது ஒரு பக்கம். அண்ணன் கொசுவலையால் அள்ளினான். பிறகு மதகைத் திறக்கப் போனான், குளத்தை வடித்துவிட்டுப் புதுசாக விட. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கலங்கிய சேறெல்லாம் கீழே இருக்கிறவன் குளத்துக்குப் போகும்.
"அப்ப இந்த வருஷம் நான் என்னடா பண்றது?"
படித்தவன்தானே நான். கொசுவலையை வாங்கி மிச்சத்தை அள்ளினேன்.

ஏப்ரல் 2
அண்ணன் குளிர்சாதனக் கிடங்கில் பெட்டி அடுக்கப் போகிறானாம். அங்கே மீனும் வருமாம். அவனே சொல்லிச் சிரித்தான்.

மே 9
அண்ணி கூப்பிட்டாள். அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு இப்போதுதான் என்னோடு பேசுகிறாள். மாமா வந்திருந்தாராம். குளத்தைச் சுற்றி நடந்தாராம்.
"வெயில்ல வந்தாரேன்னு ஒரு சொம்பு தண்ணி குடுத்தேன் தம்பி. 'இது எந்தத் தண்ணிம்மா?'ன்னு கேட்டாரு. கிணத்துத் தண்ணிப்பா, நாங்க குடிக்கிறதுதான்னேன். குடிக்காம அப்படியே திண்டு மேல வச்சிட்டுப் போயிட்டாரு."
கிணற்று நீரையும் சோதித்துவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவள் அழுது முடிக்கும் வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.