கேள்வித்தாளை நானே படித்தேன்

என் செல்ல ஸ்டெல்லா அக்கா,

நான் சூப்பர்வைசர் ஆகிவிட்டேன்! கத்திச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது. உனக்குக் கேட்கிறதா?

பார்வையில்லாத எனக்கு பொம்மசந்திரா கம்பெனியில் வேலை கிடைத்தபோது நம் தெருவே அதிசயப்பட்டது. ஆனால் ஆபீஸ் காகிதங்களை அவர்கள் ஸ்கேன் செய்து வெறும் படமாக அனுப்புவார்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என் கம்ப்யூட்டருக்குப் படத்திலுள்ள எழுத்து தெரியாது. பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். நீ வேலைவிட்டு வந்து, காபிகூடக் குடிக்காமல், அத்தனையையும் திரும்ப டைப் அடித்து பிளாப்பியில் போட்டுத் தருவாய். மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு நான் யாரிடம் போய் நிற்பேன்?

அப்போதுதான் பதவி உயர்வுத் தேர்வு வந்தது. மாதிரிக் கேள்வித்தாளும் படமாகவே வந்தது. மேனேஜர் மஞ்சுநாத்திடம் போனேன்.

"யாராவது படிச்சு சொல்வாங்கம்மா. நீ பதில் சொல்லு, அவங்களே எழுதிடுவாங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, கொஞ்சம்தானே."

"வேணாம் சார். எல்லாரையும் மாதிரி நானே படிச்சு நானே எழுதணும்."

அப்படியே அவரை என் மேஜைக்குக் கூட்டிவந்து ஹெட்போனைக் கொடுத்தேன். "கேட்டுப் பாருங்க சார்."

"'எம்ப்டி பேஜ்'னு சொல்லுதே?"

"அதான் சார் எனக்கு வந்த கேள்வித்தாள்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எப்படி இருந்தா உன்னால படிக்க முடியும்? சொல்லு."

டைப் அடித்த எழுத்தாகவே இருக்கட்டும், தலைப்பு எதுவென்று கம்ப்யூட்டருக்குக் குறித்துக் காட்டுங்கள், வரைபடம் வந்தால் அதில் என்ன இருக்கிறதென்று ஒரு வரி எழுதுங்கள் என்றேன். முனகிக்கொண்டே தேர்வுத்தாளை அப்படியே தயார் செய்தார்.

தேர்வன்று முதல் கேள்வி காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு சுலபமான கேள்வி! நான்தான் முதல் மார்க்.

இன்னும் கேள். முனகிய மஞ்சுநாத் சாரே இப்போது மற்றவர்களைப் பிடித்துத் திட்டுகிறார். "படமா அனுப்பாதீங்கப்பா, மேரி எப்படிப் படிப்பா?"

போன வாரம் பக்கத்து ஊரான சந்தாபுராவிலிருந்து, என்னைப் போலவே பார்வையில்லாத ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தோம். அவளுடைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை நானே தயார் செய்து ஈமெயிலில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"மேடம், யாரும் படிச்சுக் காட்டல. நானே படிச்சேன். திரும்பத் திரும்பப் படிச்சேன்!"

அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

இனி இந்த ஆபீசிலிருந்து, படிக்க முடியாத காகிதம் ஒருவருக்கும் போகாது. அதற்கு நான் பொறுப்பு, அக்கா.

உன் தங்கச்சி,
சூப்பர்வைசர் மேரி