அயர்ன் பட்ட டிக்கெட்டுகள்

வீரபாண்டி,
மார்கழி 6, ஞாயிற்றுக்கிழமை.

கூடப் பிறக்காத அன்புத் தம்பி பாண்டித்துரைக்கு அண்ணன் சென்னியப்பன் எழுதுவது. இங்கே நானும் மயிலாளும் சுகம். உசிலம்பட்டியில் நீயும் ஒச்சாயியும், பள்ளிக்கூட லீவுக்கு மகளோடு வந்திருக்கும் வேல்விழியும் சுகமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வாரம் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் மழை பெய்யுதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கடைசித் தடவை, "என்னண்ணே, மழையப் பத்தி இம்புட்டு அக்கறை? எங்கிட்டாச்சும் நாத்து விட்டிருக்கீகளா?" என்று சிரித்தாய். நான் கூப்பிட்டது மழைக்கு இல்லை. நீ சேர்த்து, என்னை நம்பி விட்டுப்போன தண்ணி பார்க், ராட்டின பார்க் டிக்கெட் பெட்டிக்கு. நீ தை ஐந்தாம் தேதி வந்து அதைத் திறப்பதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும்.

நான் நாலாவது படித்தவன். எழுத்து கோணலாக இருந்தால் வேல்விழியைப் படிக்கச் சொல்லு. இல்லை, வேண்டாம். அவளிடம் கொடுக்காதே. நீயே எழுத்துக் கூட்டிப் படி.

ஊர்ச் சேதி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் உன் அயர்ன் டேபிளில் இப்போது ஒரு பீகார்காரப் பையன் நிற்கிறான். கை சுத்தம். ஆனால் காலரை விட்டுவிட்டு உடம்பை முதலில் தேய்க்கிறான். நீ பார்த்தால் சண்டைக்குப் போவாய். மகன் செல்வக்குமார் பெருந்துறையில் வீடு பார்த்துப் போய்விட்டான். மயிலாள் ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி உருக்கி ஒரு தூக்குப்போசி நிறைய நெய் வைத்திருக்கிறாள், உன் பேத்திக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். போன தடவை உருக்கிய நெய்யை அடுப்பில் விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுச் செல்லாத்தாளோடு பேசப் போய் மொத்தமும் கருகிவிட்டது. அதற்கு நான் இரண்டு நாள் அவளைத் திட்டினேன். இப்போது திட்ட எனக்கு வாய் இல்லை. கருக்குவதில் அவளுக்கு நான் மாமன் ஆகிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன்.

நீ சொல்லி அனுப்பிய அந்தக் கோயமுத்தூர்க்காரர் அருள்செல்வன் போன வாரத்துக்கு முந்தின வாரம் வந்தார். கண்காட்சி வைக்கிறாரே, அவர்தான். கைக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டுதான் பெட்டியையே தொட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பனியன் பாலி கவரில் நீ எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று ஸ்டிக்கர் ஒட்டி டிக்கெட்டுகளைச் சைஸ் வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறாய் இல்லையா, அதைப் பார்த்து மனுசன் அசந்துபோனார். "நானும் இருபது வருசமா சேக்கறனுங்க. இப்படி வெக்க எனக்குத் தோணலீங்க" என்றார். டூரிஸ்ட் பஸ் டிரைவர் செந்தில்வேல் டேஷ்போர்டில் சேர்த்துவைத்துக் கொடுப்பானே, அந்த மெட்ராஸ் பார்க் டிக்கெட்டுகள். பழைய பேப்பர் கடையில் நீ எடைக்கு எடை வேறு காகிதம் கொடுத்து மாற்றி வந்த கைடு புத்தகங்கள். மெர்ச்சண்டைசர் அனுசுயா மேடம் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெரிய படப்புத்தகம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். ஹால் பிடித்தாயிற்றாம். சுவரில் உன் பேரைப் பெரிதாகப் போடுவாராம்.

எழுந்து போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "எல்லாம் நெம்ப அருமைங்க. மடிப்புத்தான் அங்கங்க விழுந்திருக்குது."

தம்பி, முப்பது வருசம் அயர்ன் டேபிளில் நின்றவன் காதில் ஒருத்தர் மடிப்பு என்று சொன்னால் அப்புறம் அவனுக்குத் தூக்கம் வருமா?

போன ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. வாட்ச்மேனிடம் சொல்லிப் பெட்டியைக் கொண்டுபோனேன். டேபிளைச் சுத்தமாகத் துடைத்தேன். சூட்டைக் குறைத்து, மேலே வெள்ளைப் பனியன் துணி ஒரு மடி போட்டேன். பழைய அட்டை டிக்கெட்டுகளை முதலில் எடுத்தேன். என்ன சொல்ல, அன்றைக்குத்தான் அச்சடித்த மாதிரி வந்தது. நாற்பத்திரண்டு டிக்கெட். நீ பக்கத்தில் இருந்தால் காட்டலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் புதுசுகளை எடுத்தேன். அது பஸ்ஸில் மிஷினில் வருமே, அந்தப் பில் மாதிரிக் காகிதம். துணியை எடுத்துப் பார்த்தால் டிக்கெட் கறுப்பாக இருந்தது. எழுத்து இல்லை, தேதி இல்லை, ஒன்றும் இல்லை. அயர்ன் தட்டில் கரி இருக்கிறது என்று நினைத்தேன். தட்டைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுத்ததை வைத்தேன். அதுவும் கறுத்தது. என் புத்தியைப் பார், பக்கத்து டேபிள் அயர்னை எடுத்தேன். கவரிலிருந்து உருவி வரிசையாக அடுக்கி, ஒரே இழுப்பாக இழுத்தேன். அறுபத்தியொன்று போயிற்று. சூடு பட்டால் அந்தக் காகிதமே கறுக்கும் என்று மயிலாள்தான் அப்புறம் சொன்னாள். ரேசன் கடைப் பில்லை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து அவள் பார்த்திருக்கிறாளாம்.

அத்தோடு நிறுத்தினேனா? கைடு புத்தகத்தை ஆவி விட்டு நீவினால் பக்கம் நேராகும் என்று சிங்கப்பூர் புத்தகத்தை வைத்தேன். வழுவழுப்புக் காகிதம், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. பிரித்தேன். கோட்டை பாதியும் ராட்டினம் பாதியுமாகக் கையோடு வந்தது. அதற்கப்புறம் அயர்னை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மயிலாள், "ஏனுங்க, அது என்ன எக்ஸ்போர்ட் பீஸா, நீங்க தேச்சு மடிச்சு அனுப்பறதுக்கு? உங்க தம்பி ஒருவாட்டி டிக்கெட்டுல ஈ உக்காந்ததுக்குச் சோறு திங்கலீங்க" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இது ஒரு தப்பு. இதற்கு நீ என்னைத் திட்டுவாய். அப்புறம், போகட்டும் அண்ணே, தெரியாமல்தானே செய்தீர்கள் என்பாய். உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. அது தெரியாமல் செய்தது இல்லை.

வியாழக்கிழமை அருள்செல்வன் திரும்ப வந்தார். கறுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அட்டை டிக்கெட்டும் மிச்சப் புத்தகமும் போதும், நடத்தலாம். பாண்டித்துரை அண்ணன் சரின்னு சொல்லோணும்" என்றார். அப்புறம், டிக்கெட்டுக்குக் கீழே என்னென்ன எழுத வேண்டும் என்று நீ போனில் சொன்னதை ஒரு காகிதத்திலிருந்து படித்துக் காட்டினார். முதல் வரி, "முதல் டிக்கெட். நம்பர் 3317. அண்ணன் சென்னியப்பன் ஆசையாகக் கொடுத்தது."

தம்பி, அந்த வரி வேண்டாம்.

அந்த வருசம் உனக்கு மறந்திருக்காது. ஆயுத பூஜை முடிந்து கம்பெனியே பஸ் பிடித்து மலை அடிவாரத்துத் தண்ணி பார்க்குக்குப் போனது. ஒரு ஆளுக்கு ஒரு பிள்ளையைக் கூட்டி வரலாம் என்றார்கள். வேல்விழிக்கு அப்போது ஐந்து வயசு. கட்டிங் வேஸ்ட்டில் மஞ்சள் துண்டாகப் பொறுக்கி, ஓவர்லாக் டெய்லரிடம் கெஞ்சி அவளுக்கு ஒரு கவுன் தைத்து வைத்திருந்தாய். அந்த நேரம் பார்த்து ஆர்டர் அவசரம், அயர்னில் ஒரு டேபிள் ஓடியாக வேண்டும், உங்கள் இரண்டு பேரில் யார் நிற்பது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். சீட்டுக் குலுக்கிப் போடலாம், பேர் வந்தவர் பஸ்ஸில் போகட்டும் என்று சொன்னது நீ. உனக்கு அப்போது எழுத வராது என்று சீட்டு எழுதியது நான்.

இரண்டு சீட்டிலும் என் பேரைத்தான் எழுதினேன்.

டீ கொண்டுவந்த அம்மா ஒன்றை எடுத்தாள். சென்னியப்பன் என்று வந்தது. மற்றதை நான் பிரிக்காமலேயே பாய்லர் அடுப்பில் போட்டேன். நீ பார்த்துக்கொண்டுதான் நின்றாய். "சரிண்ணே, ஒங்களுக்குத்தான் யோகம். போய்ட்டு வாங்க" என்று அயர்னைக் கையில் எடுத்தாய்.

செல்வக்குமார் பார்க்குக்குப் போகணும் என்று ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்தான் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். காரணம் எல்லோருக்கும் இருக்கும். உனக்கும் மஞ்சள் கவுனில் ஒரு காரணம் நின்றுகொண்டிருந்தது.

அங்கே போய் நான் சந்தோசமாக இருந்தேனா என்றால், அலைக்குளத்தில் வேட்டி போய்விட்டது, துண்டைக் கட்டிக்கொண்டு பஸ் வரைக்கும் நடந்தேன். ஊரே சிரித்தது. அந்தக் கதையை உன்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நீ நூறு தடவையும் சிரித்தாய். நீ சிரிக்கும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன். இருந்தாலும் திரும்பத் திரும்பச் சொல்வேன். வேட்டி போனதைச் சொன்னால் சீட்டு எழுதியது கழிந்துவிடும் என்று ஒரு கணக்கு.

மறுநாள் காலையில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. "அண்ணே, டிக்கெட்டு கையில இருக்கா? புள்ள பாக்கணுங்குறா." ஆசையாக இல்லை, தம்பி. உன் முகத்தைப் பார்க்க முடியாமல் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து நீட்டினேன். அங்கே கொடுத்த மேப்பையும் கொடுத்தேன். சாயங்காலம் லைன் வீட்டு வாசலில் நீ வேல்விழியை மடியில் வைத்துக்கொண்டு மேப்பில் விரலை நகர்த்தினாய். "இந்தா, கேட்டுக்குள்ள வந்துட்டோம். இது வளைஞ்சு வளைஞ்சு வருதுல்ல, சறுக்கு. புடிச்சுக்க, புடிச்சுக்க." அவள் உன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்தப் பக்கமே திரும்பாமல் போனேன்.

அதிலிருந்துதான் நீ சேர்க்க ஆரம்பித்தாய். யார் எந்தப் பார்க்குக்குப் போய் வந்தாலும் டிக்கெட் கேட்பாய், புத்தகம் கேட்பாய். அதைப் படிக்கத்தான் எழுத்துக் கூட்டவே கற்றுக்கொண்டாய். அப்புறம் எத்தனையோ வருசம் பஸ் போனது. நீ ஒரு தடவையும் ஏறவில்லை. கேட்டால், "நான் எல்லா ஊருக்கும் போயாச்சுண்ணே, மேப்புலேயே" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். கிழித்த டிக்கெட்டைச் சேர்க்கிறவன் என்று உன்னை முதலில் கேலி பண்ணியதும் நான்தான்.

ஒரு அதிசயம் கேள். அந்த 3317 அட்டை டிக்கெட் என்பதால் அயர்னுக்குத் தப்பிவிட்டது. அதுவும் போயிருந்தால் ஒருவேளை இந்தப் பாதிக் கடிதத்தோடு நிறுத்தியிருப்பேன். ஒரு மடிப்பு இல்லாமல் பளிச்சென்று இருக்கிறது. அதைப் பார்க்கவே முடியவில்லை.

அதன் கீழே என்ன எழுத வேண்டுமோ அதை நீயே அருள்செல்வனுக்குச் சொல். என் பேரே வேண்டாம் என்றாலும் சரி. நடந்ததை நடந்தபடி எழுதினாலும் நான் கண்காட்சிக்கு வந்து எல்லோரும் படிக்கிற இடத்தில் நிற்பேன். என் வீட்டுக்கு வர உனக்கு மனசு இல்லை என்றால், பெட்டியை நானே ரயிலில் கொண்டுவந்து ஒச்சாயி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். கறுத்துப்போன அறுபத்தியொன்றையும் எறியவில்லை. உன் கவரிலேயே வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. பொங்கல் கழித்து இந்த வருசமும் கம்பெனி பஸ் அதே பார்க்குக்குப் போகிறது. அயர்னில் பழைய ஆளுக்கு என்று ஒரு சீட், கூட வீட்டு ஆள் ஒருத்தர். முதலாளியிடம் பேசிவிட்டேன். பாண்டித்துரை இப்போது வேலையில் இல்லையே என்றார். அவன் அந்த வருசம் எனக்காக நின்ற கடனுக்கு, இந்தத் தடவை நான் டேபிளில் நிற்கிறேன் என்றேன். சரி என்றார்.

இந்தக் கவருக்குள் இரண்டு சீட்டு மடித்து வைத்திருக்கிறேன். வேல்விழியை ஒன்று எடுக்கச் சொல். எடுத்ததும் மற்றதை எறிந்துவிடாதே. அதையும் பிரித்துப் படி. இரண்டிலும் உன் பேர்தான்.

முதலில் அவளிடம் கொடுக்க வேண்டாம் என்று எழுதினேன். அதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இந்தக் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டு. அந்த மஞ்சள் கவுனுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியவன்.

பிள்ளைகளை அந்தச் சாமி குறையில்லாமல் வைக்கட்டும். நீ பதில் எழுதாவிட்டாலும் பஸ்ஸில் மட்டும் ஏறிவிடு, தம்பி. சன்னல் ஓரமாக உட்கார்.

இப்படிக்கு,
சென்னியப்பன்