நீங்கள் ஏற்றாமல் போன பாடங்கள்

அத்தான்,

இன்று காலையில் முன்னறைப் போர்டில் எழுதுவதற்காக ஜெபா மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தாள். அந்த நெடி சமையல்கட்டு வரைக்கும் வந்தது. உங்கள் சட்டைப்பையில், விரலில், சில நாள் நீங்கள் பிசைந்த சோற்றில்கூட இருந்த நெடி. அழுகை வரும் என்று நினைத்தேன். ஆத்திரம்தான் வந்தது. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுவது. பிழை இருந்தால் இனிமேல் நீங்கள் சிரிக்க முடியாது.

சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு சங்கரன்கோவிலுக்கு வந்து, தறிச் சத்தத்துக்கு நடுவே நம் முன்னறையில் வெர்ஷன் கண்ட்ரோல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தீர்கள். பல பேர் சேர்ந்து ஒரே சாஃப்ட்வேரை எழுதும்போது யார் எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றையும் பெயரோடு பதிந்து வைப்பது. கெட்டுப்போனால், நன்றாக இருந்த நிலைக்குத் திரும்பிப் போவது. சுவருக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். "எல்லாவனுக்கும் எழுதத் தெரியுது. சேர்ந்து எழுதத்தான் ஒருத்தனுக்கும் தெரியல" என்பீர்கள். சேர்ந்து இருக்க உங்களுக்குத் தெரிந்ததா?

ஜெபாவை நினைத்துப் பாருங்கள். கல்யாணத்தோடு விட்ட வேலையை மறுபடி பிடிக்க வேண்டும் என்று ராயகிரியிலிருந்து பஸ் ஏறி வந்து படித்தவள். ஒரு வாரம் எழுதியதையெல்லாம் தன் லேப்டாப்பிலேயே வைத்துக்கொண்டாள். எல்லோரும் பார்க்கிற பொது இடத்தில் ஏற்றவில்லை. இடி மழையில் கரண்ட் எகிறி லேப்டாப் கருகிப் போயிற்று. அத்தனை பேர் முன்னால் அவளை எழுப்பி நிறுத்தினீர்கள்.

"புஷ் பண்ணி மேல ஏத்தாம எந்திரிச்சா நீ வேலையே செய்யலன்னு அர்த்தம். வெளிய போய் நில்லு."

"முழுசா முடியல சார். குறையா இருந்துச்சு, அதான்..."

"குறையா இருந்தா என்ன? குறையைப் பாத்தாத்தான அடுத்தவன் திருத்த முடியும்? நீ என்ன வைரத்தையா ஒளிச்சு வைக்குத?"

வெயிலில் நின்றாள். நான் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். நீங்கள் அங்கிருந்தே கத்தினீர்கள்: "நீ எதுக்குட்டி நடுவுல வார? உனக்கு இதுல என்ன தெரியும்?" எல்லோருக்கும் கேட்டது. தறிக்காரர்களுக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் அந்த மூன்று மாதம். "தமிழ்ல இதுக்கு உருப்படியா ஒரு பாடம் இல்ல, நான் எழுதுதேன்" என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. புளியங்குடியில் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், நீங்கள் வரவில்லை. சர்ச்சில் சித்தி மகள் கல்யாணம், நான் தனியாகப் போய் எல்லோருக்கும் பதில் சொன்னேன். கேட்டால், "இது முடியட்டும், பொறவு உன்கூடத்தான்" என்பீர்கள். நானும் நம்பினேன்.

ராஜபாளையம் ரோட்டில் லாரி. ஆஸ்பத்திரியில் உங்களைக் காட்டுவதற்கு முன்னாலேயே உங்கள் பையைக் கையில் தந்தார்கள். லேப்டாப் அப்பளமாக நொறுங்கியிருந்தது. வகுப்பில் மூத்தவர், கரிவலத்துச் செல்போன் கடை மாரியப்பன், அதை மதுரை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து வாசலிலேயே நின்றார்.

"ஒண்ணும் தேறலக்கா. உள்ள இருக்கதும் உடைஞ்சிட்டு."

"அதான் நெட்டுல ஏத்திருப்பாருல்லா? ஊருக்கெல்லாம் அதைத்தான சொன்னாரு?"

மாரியப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்தப் பாடத்தை மட்டும் அண்ணாச்சி ஏத்தவே இல்லக்கா. முழுசா முடிச்சிட்டுக் காட்டுதேன்னு சொல்லிட்டாரு."

ஜெபாவை வெயிலில் நிறுத்திய அதே காரியம். குறையைக் காட்டக் கூசியதில் அவளுக்கு ஒரு வாரம் போயிற்று. உங்களால் எனக்கு மூன்று மாதம் போயிற்று. என்னிடமிருந்து எடுத்து அந்தப் பெட்டிக்குக் கொடுத்தீர்கள். அது பாடமாகவாவது மிஞ்சியிருந்தால் மனசு ஆறியிருக்கும். உங்கள் சவப்பெட்டி அடக்கமான பிறகும் எனக்கு அந்த லேப்டாப் மேல்தான் ஆத்திரம். கொல்லையில் வீசினேன். மறுநாள் போய் எடுத்து வந்து துடைத்தேன், அது வேறு.

அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டேன். தையல்கடைக்கு விடலாம் என்று உங்கள் தம்பி ஆள் பார்த்து வைத்திருந்தார். ஜெபா கெஞ்சினாள்: "சார் சொன்னதுல நெனவுல இருக்கதை வச்சுத் திரும்ப எழுதுதோம்க்கா. முடியுத வரைக்கும் இங்கன இருந்துக்கிடட்டுமா?"

"அவரோட போச்சு எல்லாம். வேற எடம் பாரு" என்றேன்.

இன்று கடைசியாகச் சாமான் எடுக்க வந்த ஜெபாவும் மாரியப்பனும் எடுக்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றினால் கம்ப்யூட்டர் நின்றுவிடும், எது சரி என்று ஆள்தான் சொல்ல வேண்டும் என்கிற பாடம். அதற்கு நீங்கள் வகுப்பில் சொன்ன மீன்குழம்புக் கதை. ஒருவர் உப்புப் போட்டது தெரியாமல் இன்னொருவரும் போட்டு, குழம்பு வாயில் வைக்க முடியாமல் போன கதை.

"அக்காதான் ரெண்டாவது உப்புப் போட்டாங்கன்னு அண்ணாச்சி சொன்னாரு. நாங்க எல்லாரும் சிரிச்சோம்லா" என்றார் மாரியப்பன்.

"இல்ல, சார்தான் போட்டாருன்னு சொன்னாரு" என்றாள் ஜெபா.

"உனக்குக் காது அடைச்சிருக்கும். கம்ப்யூட்டரே நின்னுட்டு பாரு, உன்னால."

இரண்டு பேரும் எழுதி ஏற்றியிருந்தார்கள். திரையில் இரண்டு வரியும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. மாரியப்பன் தலையைச் சொறிந்துகொண்டே என்னைக் கேட்டார்: "எது சரிக்கா?"

அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். ருசி பார்க்காமல், என்னைக் கேட்காமல், மூடியைத் திறந்து ஒரு கை உப்பை அள்ளிப் போட்டது நீங்கள். வகுப்பில் போய் என் தலையில் கட்டிச் சிரிக்க வைத்ததும் நீங்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"அவருதான் போட்டாரு. அப்படியே எழுது" என்றேன்.

ஜெபா மாரியப்பனின் வரியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன் மாத்துனோம்னு காரணம் எழுதணும்க்கா. சார் அதை விடவே மாட்டாரு. என்ன எழுத?"

"நான் கூடவே இருந்தேன், எனக்குத் தெரியும்னு எழுது."

எழுதினாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவர்களை அனுப்பிவிட்டால் இந்த ஊரில் மிச்சம் இருக்கப்போவது நீங்கள் சொல்லிவிட்டுப் போன கதை மட்டும்தான். போர்டை இருந்த இடத்திலேயே விட்டுவிடச் சொன்னேன். உங்கள் தம்பிக்குப் போன் பண்ணி, தையல்காரரை வர வேண்டாம் என்றேன். இங்கே இனி ஒருத்தரையும் வெயிலில் நிறுத்தக்கூடாது, அது ஒன்றுதான் என் கண்டிப்பு. "சரிக்கா" என்றார் மாரியப்பன். "காப்பி உண்டுமா?" என்றும் கேட்டார், வெட்கமில்லாமல்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்காக வைத்த ஜெபக்கூட்டத்தில் உங்களைப் பொறுமைசாலி என்றார்கள்; நான் தலையாட்டவில்லை. அறையை அவர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறேன், உங்களுக்கு இல்லை.

ஆனாலும் பொழுது சாய்ந்து அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பின பிறகு, சோற்றை இறக்கியதும் வாய் தானாக "சாப்பிட வாங்க" என்கிறது. அந்த மூன்று மாதமும் இப்படித்தான் கூப்பிட்டேன். "இந்தா வாரேன்" என்பீர்கள், வர மாட்டீர்கள், சோறு ஆறிப்போகும். இப்போது அந்த "இந்தா வாரேன்" கூட இல்லை. கூப்பிடுவதை நிறுத்தத்தான் எனக்குத் தெரியவில்லை, அத்தான்.