ஒரே கையால் அடித்த ஐந்து கடிதங்கள்

உங்கள் நீலப் பைலைத் திறந்தால் இன்னமும் அந்தக் களிம்பு மணக்கிறது, அத்தான். பாரிஸில் சட்டி கழுவிக் கழுவி வெடித்த கைகளுக்கு நீங்கள் பூசிக்கொண்டிருந்த களிம்பு. நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. கடதாசியில் ஊறிய மணம் போகமாட்டேன் என்கிறது.

இன்று காலை அதைத் திறக்க வைத்தவர் எங்கள் பென்சன்காரர். தினமும் என் கடைக்கு வந்து ஓசியில் பேப்பர் படித்துவிட்டு, போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர்களுக்கு உலக நடப்பும் சொல்லிவிட்டுப் போவாரே, அவர்தான். எங்கோ ஒரு நாட்டில் விசா இல்லாதவர்களைப் பிடித்து விமானத்தில் ஏற்றுவதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"களவாய்ப் போனவையை அனுப்பத்தானே வேணும். முறையாய் வரிசையில நிண்டு போயிருக்கலாம்தானே" என்றார்.

அவருடைய மகன் எந்த வரிசையில் நின்று கனடா போனான் என்பது மல்லாவிச் சந்தியில் தேத்தண்ணி ஊற்றுகிறவனுக்கும் தெரியும். மகனுக்கு இப்போது அந்த நாட்டுக் குடியுரிமை இருப்பதால் அந்தக் கதையை அவர் மறந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஒரு காலத்தில் நானும் அதே மாதிரிக் கதைத்தவன்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டு, அலுமாரியைத் திறந்து உங்கள் பைலை அவர் முன்னால் வைத்தேன்.

"இது விசா இல்லாமல் இருந்த மனிசன்ரை பைல் அண்ணை. பாருங்கோ."

கடதாசி இல்லாதவன் என்று ஊர் சொல்கிற ஆளிடம் இருந்த கடதாசிகளைப் பார்த்து அவர் திகைத்துப்போனார். ஒன்பது வருடத்துப் பஸ் பாஸ்கள், வைத்தியர் எழுதிய துண்டுகள், மின்சார பில்கள், சம்பளத் துண்டுகள், எல்லாம் மாதவாரியாக. நீங்கள் ஒரு முறை சொன்னீர்கள்: "நான் அங்கை இருந்தனான் எண்டு நான் சொன்னால் காணாது மச்சான். கடதாசிதான் சொல்லவேணும்."

அங்கே அரசாங்கம் சும்மா இருக்கக் காசு கொடுக்கிறது என்பது பென்சன்காரரின் அடுத்த நம்பிக்கை. சம்பளத் துண்டில் ஓய்வூதியத்துக்கென்று வெட்டிய இடத்தை விரலால் காட்டினேன். தனக்குக் கிடைக்குமோ இல்லையோ என்று தெரியாத பென்சனுக்கு நீங்கள் மாதாமாதம் கட்டியிருக்கிறீர்கள். பென்சன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேப்பரைக்கூடப் படித்து முடிக்காமல் எழும்பினார். அவருக்கு அது பெரிய விசயம்.

அவர் போன பிறகு பைலின் அடியில் இருக்கும் அந்த ஐந்து கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

யுத்தம் முடிந்து முகாமால் வெளியே வந்த பிறகு உங்களை இரண்டு தரம் விசாரணை என்று கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டாம் தரம் பதினொரு நாள். வாசலில் இறக்கிவிட்டபோது உங்களால் நிற்க முடியவில்லை. நானும் அக்காவும்தான் தூக்கி வந்தோம். அதன்பிறகு நீங்கள் ஊரில் நிற்க வேண்டாம் என்று அழுதவள் அக்காதான். நீங்கள் பிரான்ஸ் போய்ச் சேர்ந்து, அங்கே அகதி வழக்குப் போட்டபோது, நடந்ததை அறிந்தவர்களிடம் கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னீர்கள். நான் ஓடித்திரிந்தேன். ஊருக்குப் பொறுப்பான விதானையார், பள்ளிக்கூட அதிபர், கோயில் ஐயர், சமாதான நீதவான், வயல் செய்யும் கமக்காரர் சங்கத் தலைவர். ஐந்து பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "தம்பி, நீயே அடிச்சுக்கொண்டு வா. நான் கையெழுத்து வைக்கிறன்."

எங்கள் பக்கத்து வழக்கம் அதுதானே. அதிபர் கடிதமென்றாலும் ஐயர் கடிதமென்றாலும் அடிக்கிறது என் கடைக் கொம்பியூட்டர்தான். நல்ல இங்கிலீஷில் ஒரு கடிதம் தயாரித்து, பெயரையும் பதவியையும் மாற்றி மாற்றி ஐந்து எடுத்தேன். 'இவரைச் சிறுவயது முதல் நன்கறிவேன்' என்று தொடக்கம். பாரமாக இருக்கட்டும் என்று ஐந்து பேருடைய அடையாள அட்டைப் பிரதிகளையும் இணைத்தேன். என் வேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

வழக்குத் தள்ளுபடியானது. மேல்முறையீடும் போய்விட்டது. "ராசி சரியில்லை மச்சான்" என்றீர்கள். அன்றிலிருந்து ஒன்பது வருடம் நீங்கள் விசா இல்லாத ஆள்.

அந்த வருடங்களில் நீங்கள் எப்படி வாழ்ந்தீர்கள் என்று திரும்பி வந்த பிறகுதான் சொன்னீர்கள். ஆளில்லாத சந்தியிலும் சிவப்பு விளக்குக்கு நின்றது. ரயில் நிலையத்தில் மற்றவர்கள் வாசல் கம்பியைத் தாண்டிக் குதித்துப் போக, நீங்கள் மட்டும் ஒவ்வொரு நாளும் டிக்கெட் வாங்கியது. அறைக்குள் ஒருவன் சத்தம் போட்டால் பொலிஸ் வந்துவிடும் என்று அவன் காலைப் பிடித்தது. "விசா இல்லாதவன் மாதிரிச் சட்டம் பாக்கிற ஆள் அந்த நாட்டிலை ஒருத்தரும் இல்லை" என்று சிரித்தீர்கள். அங்கத்தைய ஆட்கள் தங்கள் வேலையை நீங்கள் பறிப்பதாகச் சொல்வார்களாம். உங்கள் முதலாளி சாப்பாட்டுக்கடைக் குசினிக் கதவில் ஆள் தேவை என்று எழுதி ஒட்டிய தாள் மழையில் ஊறிக் கிழிந்து விழுகிறவரைக்கும் ஒருவரும் வரவில்லையாம்.

இதொன்றும் தெரியாத நான், மாமி செத்த அன்று உங்களைத் தொலைபேசியில் பிடித்து ஏசினேன். தாயின் செத்தவீட்டை அந்தச் சாப்பாட்டுக்கடையின் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த மனிதனை.

"ஒரே மகன் வந்து கொள்ளி வைக்க ஏலாதோ? எத்தினை பேர் விசா எடுத்திட்டினம். உங்களுக்கு அதை எடுக்கப் பஞ்சி, சோம்பல், அதுதான்" என்றேன்.

"ஓம் மச்சான், பஞ்சிதான்" என்றீர்கள்.

உழைத்த வருடங்களைக் காட்டி விண்ணப்பிக்க அங்கே ஒரு வழி இருந்திருக்கிறது. ஆனால் அதற்கு முதலாளி கையெழுத்து வைக்கவேண்டும், அலுவலக யன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் மனம் வரவேண்டும். முதல் முதலாளி வைக்கவில்லை; வதிவிட அனுமதிக் கார்ட் கிடைத்தால் நீங்கள் வேறு இடம் போய்விடுவீர்கள் என்ற பயம். இரண்டாவது முதலாளி வைத்தார். கார்ட் வந்தது. பதினொரு வருடம் கழித்து நீங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது, அக்கா உங்கள் முகத்தை முதலில் பார்க்காமல் உங்கள் கைகளைத்தான் பார்த்தாள்.

அதன்பின் மூன்று முறை வந்தீர்கள். ஒவ்வொரு முறையும் பின்னேரங்களில் என் கடைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவீர்கள். வரிசையைப் பற்றி இதே பென்சன்காரர் அப்போதும் கேட்டிருக்கிறார். "வரிசை எங்கையெண்டு காட்டியிருந்தால் விடியவே போய் நிண்டிருப்பன் அண்ணை" என்றீர்கள். சட்டம் எப்படி மாறவேண்டும் என்று நான் கேட்டதற்கு நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம்: "எத்தினை வருசம், என்ன கடதாசி, எந்த யன்னல். இந்த மூண்டையும் எழுதி ஒட்டிவிட்டால் காணும். முதலாளியின்ரை மனசையும் அதிகாரியின்ரை மனசையும் பாத்துக்கொண்டு ஒரு மனிசன் இருக்கேலாது. கார்ட் கிடைச்ச அடுத்த நாளும் நான் அதே குசினிக்குத்தான் போனனான். பொலிசைக் கண்டால் மற்றப் பக்கம் மாறிப் போறதை மட்டும் விட்டிட்டன்."

மூன்றாம் முறை வந்த நீங்கள் திரும்பிப் போகவில்லை. நெஞ்சுவலி என்று கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு அக்கா இந்தப் பைலைக் கொண்டுவந்து, "நீதானே கடதாசிக்காரன், நீ வைச்சிரு" என்று தந்தாள்.

இப்போது கைபேசியைத் தாளுக்கு மேலே பிடித்தால் எந்த மொழியையும் தமிழாக்கித் தந்துவிடுகிறது. பைல் கைக்கு வந்த கிழமையே உங்கள் தள்ளுபடித் தீர்ப்பை அப்படித்தான் படித்தேன். கடிதங்கள் ஐந்தும் ஒரே எழுத்தில் ஒரே வசனங்களோடு இருக்கின்றனவாம். விண்ணப்பதாரரைச் சிறுவயது முதல் அறிவேன் என்கிற அதிபர், அடையாள அட்டையின்படி விண்ணப்பதாரரை விட எட்டு வயது இளையவராம். ஆகவே ஐந்தும் சோடிக்கப்பட்டவையாம். அந்த இடத்தில் நீங்கள் பென்சிலால் மெல்லக் கோடு போட்டிருந்தீர்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அத்தான். நடந்தது அத்தனையும் உண்மை, கையெழுத்து ஐந்தும் உண்மை. பொய்யாகக் காட்டியது என் கெட்டித்தனம். அது தெரிந்தும் என் கடையில் வந்திருந்து தேத்தண்ணி குடித்தீர்கள்; பஞ்சி என்று நான் சொன்னதையும் ஒத்துக்கொண்டீர்கள். ஒரு மாதம் நான் கடை திறக்கவில்லை. அக்காவிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.

திறந்த முதல் வாரம் முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஜெசிந்தா என்று ஒரு பிள்ளை வந்தாள். நீங்கள் இருந்த அதே நாட்டில் அவளுடைய தம்பியின் வழக்கு. கடிதம் அடிக்க வேண்டும் என்றாள். அடிக்கமாட்டேன் என்றேன். பேனையும் வெள்ளைத் தாளும் கொடுத்து, ஒவ்வொருவரும் கண்டதை மட்டும் தமிழில் தங்கள் கையாலேயே எழுதட்டும், அங்கே மொழிபெயர்க்கலாம் என்று சொல்லியனுப்பினேன். அவளுடைய பங்குச் சுவாமியாருக்கு என்னில் கோபம். தனக்கு நேரமில்லை என்றாராம். ஆனால் எழுதினார். பக்கத்து வீட்டு மனிசி நாலு வரிதான் எழுதியிருந்தா. தம்பியைப் பிடித்துக்கொண்டு போன அன்று அவன் வேலியோரம் விட்ட ஒற்றைச் செருப்பைத் தான் இன்னும் வைத்திருக்கிறாவாம். எழுத்துப் பிழைகளைத் திருத்தட்டுமா என்று ஜெசிந்தா கேட்டாள். தொடாதே என்றேன்.

போன கிழமை அவள் வந்தாள். வழக்கு வென்றுவிட்டது. அந்த நாலு வரியை மொழிபெயர்ப்பாளர் இரண்டு தரம் வாசித்தாராம்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அதோடு, இனியும் ஒளித்துவைக்க முடியாது என்றும் பட்டது. நேரே அக்காவிடம் போனேன். அவளிடமிருந்து உங்களைப் பதினொரு வருடம் பிரித்துவைத்தவன் நான்தான் என்று குசினி வாசலில் நின்றபடியே முழுவதையும் சொன்னேன். அவள் மரக்கறி வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "தள்ளுபடியான அண்டைக்கே அவர் எனக்குச் சொன்னவர்."

"பிறகேன் என்னட்டை ஒருத்தரும் சொல்லேல்லை?"

"அவர்தான் வேண்டாம் எண்டவர். அவனுக்குச் சொன்னால் பயந்துபோய் இனி ஒருத்தருக்கும் கடிதம் எழுதிக் குடுக்க மாட்டான், எங்கடை சனத்துக்கு வேறை ஆர் இருக்கினம் எண்டு கேட்டவர்."

நாளைக்குப் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய் மகனுடைய கடிதத்துக்காக வருகிறா. முதல் பஸ்ஸில் வருவதாகச் சொன்னா. அதற்கு முன்னமே கடையைத் திறந்துவைக்க வேண்டும், அத்தான்.