மொட்டைக்கு முடி முளைத்த பாகம்

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று கடையில் பதினொரு ஜோடி மூக்குக்கண்ணாடி லென்ஸ் வெட்டினேன். ஒன்றில் வலது லென்ஸின் அச்சு ஐந்து டிகிரி தள்ளிப் போய்விட்டது. மறுபடி வெட்டி மாட்டினேன். முதலாளி கவனிக்கவில்லை. நானே போய்ச் சொன்னேன். "எதுக்கும்மா இதையெல்லாம் வந்து சொல்றே, நான் நிம்மதியா இருந்தா உனக்குப் பொறுக்காதா" என்றார். வாய் சும்மா இருப்பதில்லை, என்ன செய்ய.

மதியம் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு வருடம் ஒரு மாதம் கழித்து. மொத்தமே இவ்வளவுதான்: "நாலு வந்துடுச்சு. பழைய சேவ் எல்லாம் உன்கிட்டதானே இருக்கு."

எப்படி இருக்கே இல்லை, அக்கா இல்லை. கேள்விக்குறி கூட இல்லை.

நாலு என்றால் 'சாம்பல் வாசல்' வீடியோ கேமின் நான்காம் பாகம். மூன்றாவது வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இனி வராது என்று நான் தலைமுழுகிவிட்டிருந்தேன்.

பிப்ரவரி 18, புதன்

ஆறு விதமாக எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "இருக்கு. ஞாயிறு வா."

பிப்ரவரி 22, ஞாயிறு

இரண்டு மணிக்கு வந்தான். மெலிந்திருக்கிறான். அதைச் சொன்னேன். "நீ அப்படியேதான் இருக்கே" என்றான். அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். செருப்பை வாசலில் வைத்துவிட்டு நேராக டிவி முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தான். நான் சோபாவில். எப்போதும் அப்படித்தான், அவன் பதிமூன்று வயதில் உட்கார்ந்த அதே இடம்.

எங்கள் நாயகனுக்குப் பெயர் மொட்டை. முதல் பாகத்தில் ஆளை உருவாக்கும்போது தலைமுடி என்று ஒரு பக்கம் இருப்பதே எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது பத்து மணி நேரம் விளையாடி முடித்திருந்தோம். அதன் பிறகு மூன்று பாகமும் மொட்டையாகவே உலகத்தைக் காப்பாற்றினான். பழைய ஆட்டத்தைச் சேமித்து வைத்த 'சேவ்' ஃபைலைக் கொடுத்தால் புதுப் பாகம் அதை வாங்கிக்கொள்ளும், அவன் யாருக்கு உதவினான், யாரிடம் என்ன சொன்னான் என்பது வரைக்கும்.

நான்காம் பாகம் வாங்கிக்கொண்டது. மொட்டை என்ற பெயரையும் எடுத்துக்கொண்டது. ஆனால் தலையில் தோள் வரை முடி, ஷாம்பு விளம்பரத்துக்கு நிற்கிறவன் மாதிரி. தேடிப் பார்த்தோம். இருபத்தெட்டு வகை முடி இருக்கிறது, முடி இல்லாத வகை இல்லை.

"இது யாரு?" என்றான் தம்பி.

"மொட்டை."

"இவனா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

எழுதி வைக்கிறேன். எழுதினால் ஒழுங்காக யோசிப்பேன்.

எங்கள் ஏற்பாடு இது. சண்டை அவனுடையது, பேச்சு என்னுடையது. அவனுக்குப் படிக்கப் பொறுமை இல்லை, எனக்கு வாளைத் தூக்கத் தெரியாது. யாராவது பேச வந்தால் கண்ட்ரோலர் என் கைக்கு வரும். திரையில் வரும் பதில்களில் நான் எப்போதும் உண்மையையே தேர்ந்தெடுப்பேன். இரண்டாம் பாகத்தில் காவலன் ஒருத்தன் "பூட்டுக்காரி எங்கே?" என்று கேட்டான். பூட்டுக்காரி எங்கள் கூட்டாளி, எந்தப் பூட்டையும் திறப்பாள். கிணற்றுக்குள் ஒளிந்திருக்கிறாள் என்று பட்டனை அழுத்திவிட்டேன். இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தம்பிக்கு அப்போது பதினைந்து வயது. அழுதான். எட்டு மணி நேரம் பின்னால் போய் மறுபடி விளையாடினோம்.

அன்றைக்கு வந்தது சட்டம். நான் என்ன சொல்லப்போகிறேனோ அதை முதலில் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவன் "அழுத்து" என்றால்தான் அழுத்தலாம். அதற்குப் பிறகு ஒரு தடவை கூட மீறியதில்லை. விளையாட்டில்.

பல் டாக்டர் விஷயம். தம்பி கல்யாணம் செய்துகொள்ள இருந்த பெண். எனக்கும் பிடித்தவள்தான். ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு போன் செய்து, "அக்கா, இவரைப் பத்தி எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். கையில் பாதி வெட்டிய லென்ஸ். கேட்டதற்குப் பதில் சொன்னேன். முன்னால் ஒருத்தியோடு கல்யாணத் தேதி வரை போய், பத்து நாள் இருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போனவன் என்று சொன்னேன். எதையும் பாதியில் விடுவான், இது ஏழாவது வேலை, லிஃப்ட் மெக்கானிக் வேலையிலாவது நிலைப்பானா தெரியாது என்று சொன்னேன். கோபம் வந்தால் நாலு நாள் பேச மாட்டான் என்றும் சொன்னேன். அந்த ஒன்றுதான் தப்பு. இரண்டு வருடம் பேசவில்லை.

அந்தப் பழைய கல்யாணக் கதையை அவளிடம் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தானே சொல்வதாக இருந்தானாம். இரண்டு நாள் இடைவெளி. அவள் வேண்டாம் என்றதும் வந்து கத்தினான். நான் கத்தவில்லை. "நான் சொன்னா என்ன, நீ சொன்னா என்ன, எப்படிச் சொல்லியிருந்தாலும் முடிவு இதுதான்" என்றேன்.

இப்போதும் அது சரி என்றுதான் தோன்றுகிறது.

மார்ச் 1, ஞாயிறு

ஆட்டத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. சப்பென்று இருக்கிறது. முந்தைய பாகங்களில் வழி தெரியாவிட்டால் யாரையாவது கேட்க வேண்டும், சிலர் வேண்டுமென்றே தப்பாகக் காட்டுவார்கள். இதில் தரையிலேயே மினுமினு என்று ஒரு கோடு ஓடுகிறது. அதன் பின்னாலேயே நடந்தால் போதும். மொட்டையும் முடியை ஆட்டிக்கொண்டு ஓடுகிறான்.

பூட்டுக்காரி இருக்கிறாள். குரல் வேறு. பூட்டு எதுவும் இல்லை, எல்லாக் கதவும் தானாகத் திறக்கிறது. அவளை எதற்குக் கூட்டிக்கொண்டு அலைகிறோம் என்று தம்பி கேட்டான்.

"உப்புக்குச் சப்பாணி" என்றேன்.

"என்னை மாதிரி" என்றான்.

மார்ச் 4, புதன்

முதலாளியின் மகள் கடையில் கேட்டாள், "பிடிக்கலேன்னா எதுக்கு விளையாடறீங்க?" எனக்குப் பதில் தோன்றாத நாள் என்று குறித்துக்கொள்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று ஒரு கட்டம் வந்தது. பூட்டுக்காரி மொட்டையை நிறுத்தி, "என் அண்ணன் உயிரோடு இருக்கிறானா?" என்று கேட்டாள். மூன்றாம் பாகத்தில் அவன் செத்தது எங்களுக்குத் தெரியும். மொட்டையின் மடியில்தான் செத்தான். அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தோம், ஒன்பது வருடமாக.

நான்கு பதில்கள். நான்கையும் வாசித்துக் காட்டினேன். பழைய நாள் மாதிரி இருபது நிமிடம் வாதாடினோம். உண்மையைச் சொல்லலாம் என்றேன் நான். இப்பவே சொல்லணுமா, போர் முடியட்டும் என்றான் அவன். கடைசியில், "சரி, அழுத்து" என்றான்.

அழுத்தினேன். அவள் சொன்னது: "நன்றி. வடக்கே போகலாம்."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். சேவிலிருந்து பின்னால் போய், உயிரோடு இருக்கிறான் என்று பொய்யை அழுத்தினேன். "நன்றி. வடக்கே போகலாம்." மறுபடி போய், எனக்குத் தெரியாது என்று அழுத்தினேன். நன்றி, வடக்கே. நான்காவது, உனக்கென்ன அதைப் பற்றி என்று திட்டுகிற பதில். அதற்கும் நன்றி.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. என்ன பேசினேன் என்று அப்படியே எழுதுகிறேன். "ஒருத்திகிட்ட அவ அண்ணன் செத்துட்டான்னு சொல்றோம். உயிரோட இருக்கான்னு சொல்றோம். ரெண்டுக்கும் ஒரே பதிலா? அப்போ நான் எதுக்கு உக்காந்து படிக்கிறேன்? ஒரு வார்த்தை சொன்னா அதால ஏதாவது ஆகணுமில்ல. யாருக்காவது வலிக்கணும், யாராவது போகணும், இருக்கணும். என்ன சொன்னாலும் முடிவு ஒண்ணுதான்னா அது பேச்சே இல்லையே."

தம்பி கண்ட்ரோலரை வாங்கித் தரையில் வைத்தான். கத்தவில்லை.

"அன்னிக்கு நீ அதைத்தானே சொன்னே. எப்படிச் சொல்லியிருந்தாலும் முடிவு இதுதான்னு."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது அவன் செருப்பு வாசலில் இல்லை. டிவியில் பூட்டுக்காரி இன்னும் வடக்கே போகக் காத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9, திங்கள்

லீவு போட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று முதலாளியிடம் அதையும் சொல்லித் தொலைத்தேன்.

பல் டாக்டர் கேட்டா. சொன்னேன். பொய் சொல்லலையே. ஒரு வார்த்தை கூட்டிக் குறைச்சுச் சொல்லலையே—

இதையே எத்தனை நாள் சொல்லிக்கிட்டு இருக்கப் போறேன்? பொய்யா உண்மையான்னு அவன் கேட்கவே இல்லை. அது அவன் சொல்ல வேண்டியது. அவன் வாயால அவன் சொல்லியிருந்தா, ஓடிப்போனவன் வந்து நின்னு சொல்றான்னு அவ பார்த்திருப்பா. என் வாயால கேட்டப்போ, மறைச்சவன்னு ஆயிடுச்சு. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? ஒரு கேமுக்குள்ள இருக்கிற பொம்மைக்காகக் கத்தத் தெரியுது எனக்கு. கூடப் பிறந்தவனுக்கு ஒரு போன் பண்ணி, இப்படிக் கேக்கறாடா, நான் என்ன சொல்லட்டும்னு கேக்கத் தெரியல. பதினைஞ்சு வயசுல அவன் அழுதப்போ போட்ட சட்டம். கேமுக்கு மட்டும்னா நினைச்சேன்?

அவன் கல்யாணம் நின்னது என்னால. எழுதிட்டேன். இதுக்கு முன்னாடி எங்கேயும் எழுதினதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மதியம் கூப்பிட்டேன். நாலாவது தடவை எடுத்தான்.

"லிஃப்ட் கூரை மேல நிக்கிறேன். சீக்கிரம் சொல்லு."

"உனக்கு வாசிச்சுக் காட்டியிருக்கணும். காட்டாம அழுத்தினது தப்பு. அதால உன் கல்யாணம் நின்னுச்சு. என்னை மன்னிச்சிடு."

அந்தப் பக்கம் மெஷினை நிறுத்தினான்.

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரி. கையெல்லாம் கிரீஸ். ஞாயித்துக்கிழமை வரேன்."

மார்ச் 15, ஞாயிறு

வருவான் என்று நினைக்கவில்லை. வந்தான்.

நான் சொன்னேன், இதை இத்தோடு விட்டுவிடலாம், முதல் பாகத்தை மறுபடி போடலாம், மொட்டைத் தலையையாவது பார்க்கலாம் என்று. கேட்கவில்லை.

"முடிச்சுடலாம்."

"இந்தக் குப்பையையா?"

"குப்பைதான். நான் பாதியில விட்ட லிஸ்ட் ஏற்கெனவே நீளம், உனக்கே தெரியும். ஊருக்கே தெரியும்."

குத்திக் காட்டினான். எனக்கு வேண்டியதுதான். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான்கு மணி நேரம் கோட்டின் பின்னாலேயே நடந்தோம்.

மார்ச் 22, ஞாயிறு

பனிமலை. ஓநாய், ஓநாய், ஓநாய். நான் சோபாவில் தூங்கிவிட்டேன். எழுந்தபோதும் அவன் ஓநாயோடுதான் இருந்தான். "இது வரைக்கும் நூத்திப் பன்னண்டு" என்றான், அலுத்துக்கொள்ளாமல்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, பல் டாக்டரைப் போய்ப் பார்த்ததாகச் சொன்னான். அவள் ஆஸ்பத்திரி வாசலில். பழைய கதையை முதலிலிருந்து தானே சொன்னானாம். அவள் கேட்டுக்கொண்டாள், யோசிக்கிறேன் என்றாளாம். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன், நிஜமாகவே.

மார்ச் 29, ஞாயிறு

முடிந்தது. மொத்தம் முப்பத்தெட்டு மணி நேரம்.

முடிவைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வெள்ளையாக ஒரு வெளிச்சம் வருகிறது, மொட்டை அரியணையில் உட்காருகிறான், முடி காற்றில் பறக்கிறது. ஜன்னல் எதுவும் இல்லாத மண்டபம், காற்று எங்கிருந்து வருகிறதோ. மூன்று பாகங்களில் நாங்கள் யாரைக் காப்பாற்றினோம், யாரை விட்டோம், ஒருவரும் வரவில்லை. இருபத்தொரு வருடம் கூட வந்தவனை இப்படியா அனுப்புவார்கள். எனக்கு வருத்தமாகவே இருந்தது.

தம்பி கடைசிப் பெயர்கள் ஓடி முடியும் வரை உட்கார்ந்திருந்தான். அது இருபது நிமிடம் ஓடுகிறது. பிறகு டிஸ்கை எடுத்து உறையில் போட்டு, முதல் மூன்றின் பக்கத்தில் அடுக்கினான்.

"ரொம்ப மோசம்" என்றான்.

"ரொம்ப."

ஏப்ரல் 5, ஞாயிறு

விளையாட எதுவும் இல்லை. இருந்தும் இரண்டு மணிக்கு வந்தான். சமையலறைக் குழாயைச் சரி செய்துவிட்டு, டிவியை அணைத்தே வைத்து ஐந்து மணி வரை அந்தப் பாகத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையில் கடை திறந்த உடனே செய்தி. பல் டாக்டர்.

"அக்கா, அவர் வந்து எல்லாத்தையும் சொன்னார். இப்போ மாறியிருக்காரா? நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னுதான் உங்ககிட்ட கேக்கறேன்."

கையில் பாதி வெட்டிய லென்ஸ், அன்றைக்கு மாதிரியே. மெஷினை நிறுத்தினேன். முதலாளியிடம் சொல்லிவிட்டு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்து பதில் எழுதினேன். அனுப்பவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன்.

"எங்கே இருக்கே?"

"ஏழாவது மாடி. என்ன?"

"அவ ஒண்ணு கேட்டிருக்கா. நான் எழுதினதை வாசிக்கிறேன், கேளு."

வாசித்தேன்.

"'மாறியிருக்கானான்னு எனக்குத் தெரியலைம்மா. இன்னும் கோபக்காரன்தான். வேலை அதே வேலைதான், மூணு வருஷம் ஆச்சு. அன்னிக்கு நான் உன்கிட்ட சொன்னது அவன் சொல்ல வேண்டியது, என் தப்பு. அவனைப் பத்தி நானே கண்ணால பார்த்தது ஒண்ணு மட்டும் சொல்றேன். எங்க ரெண்டு பேருக்குமே பிடிக்காத, படு மோசமான ஒரு கேமை, விட்டுடலாம்னு நான் சொல்லியும் விடாம, முப்பத்தெட்டு மணி நேரம் உக்காந்து கடைசி வரைக்கும் முடிச்சான்.' அவ்வளவுதான். ஏதாவது மாத்தணுமா?"

அந்தப் பக்கம் யாரோ லிஃப்டைக் கேட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம். இருங்க, ஒரு நிமிஷம் என்று அவரிடம் சொன்னான். பிறகு என்னிடம்:

"அழுத்து."