தரையைப் பார்த்தவர்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே காடு முழுக்க ஊதாப் பூ. எங்கிருந்தோ வந்த அந்தச் செடி என் ஜன்னல் வரை ஏறிவிட்டது. காலையில் கண் விழித்தால் வீடே பூவுக்குள் மிதப்பது போலிருக்கும்.

அன்றைய கருத்துக்கேட்புக் கூட்டத்தில், மைக் பக்கத்தில் எவ்வளவு அழகாக நின்றாய்! அதிகாரி சொன்னதை நம் பேச்சில் மாற்றி எங்களிடம் கேட்டாய்: "செடிய அழிக்க மேலேருந்து மருந்து தெளிக்கப் போறாங்க. எல்லாருக்கும் சம்மதமா?"

நாங்கள் வாய் திறக்காமல் தரையைப் பார்த்தோம். மருந்து விழுந்தால் கிழங்கும் போகும், தேனும் போகும். வேண்டாம் என்பதை நம் ஜனம் வேறெப்படிச் சொல்லும்? உனக்குப் பிடிக்காத இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தபோது அப்பாவும் இப்படித்தான் தரையைப் பார்த்தார். வந்தவர்கள் புரிந்துகொண்டு எழுந்து போனார்கள்.

அதிகாரி உன் முகத்தைப் பார்த்தார். "யாரும் மறுக்கல சார்" என்றாய்.

நேற்று மருந்து பனி மாதிரி மெல்ல இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தேனீக்களெல்லாம் வாசலில் தூங்குகின்றன. பெருக்க மனசு வரவில்லை.

லீவுக்கு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். படித்துவிட்டு வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா